ஒரு காலால் எழும்பும் விளையாட்டு

தஞ்சை ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு சேலம் ஜில்லாக்காரர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். காவிரிப் பாசனத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க அவ்வளவாகப் பாத்தியதை இல்லை. நம் வயல்களுக்கு வரும் தண்ணீர் மேட்டூர் அணையில் தேங்கி நின்ற பிறகே இங்கே வந்து சேருகிறது. 1934-ல் கட்டி முடிந்த அந்த அணை இருப்பது சேலம் ஜில்லாவில். தண்ணீரை வருஷந்தோறும் கேட்டு வாங்கிக்கொள்ளும் நாம், அந்தப் பக்கத்திலிருந்து வருகிற நல்ல பாடம் ஒன்றையும் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

பாடம் சொல்லுகிறவர் ஸ்ரீ மாரியப்பன் தங்கவேலு. ஓமலூர்ப் பக்கத்தில் பெரியவடகம்பட்டி என்னும் கிராமத்தில் 1995-ம் வருஷம் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் வழியில் ஒரு பஸ் அவர்மேல் ஏறிற்று. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிற்று. தாயார் சரோஜா அம்மாள் கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைத் தாங்கியவர். மகனுடைய வைத்தியத்துக்காக அவர் மூன்று லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். மகனுடைய பெயர் உலகமெங்கும் பரவிய 2016-ம் வருஷத்திலும் அந்தக் கடன் தீர்ந்தபாடில்லை. காலை நசுக்க ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. கடனை அடைக்கப் பல வருஷம் போதவில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி, பிரேஸில் தேசத்து ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் பந்தயத்தில், உயரம் தாண்டுதலில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். ஏறக்குறைய ஆறடி இரண்டு அங்குலம்! நம் பழைய கிராமத்து வீடுகளில் இதைவிடத் தாழ்ந்த வாசல் நிலைகள் எத்தனையோ உண்டு. நாம் குனிந்து நுழைகிற உயரத்துக்கு மேலே அவர் பறந்து போனார்.

உயரம் தாண்டுதலில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. இரண்டு கால்களையும் சேர்த்து ஊன்றி எழும்பக் கூடாது. ஒரே காலால்தான் எழும்ப வேண்டும். தேகத்தில் ஒரு குறையும் இல்லாத வீரருக்கும் விதி அதேதான். இரண்டு கால் உள்ளவனையும் "ஒரு காலை ஊன்று, போதும்" என்று சொல்லுகிற விளையாட்டு அது. இந்த விளையாட்டிடம் போய்ச் சேரவேண்டிய பிள்ளையை யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போகவேண்டும் அல்லவா? மாரியப்பன் விஷயத்தில் அதைச் செய்தவர் பள்ளிக்கூடத்து டிரில் ஆசிரியர். வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அவரே. பதினாலாவது வயதில், கைகால் நன்றாயுள்ள பிள்ளைகளோடு போட்டியிட்டு, மாரியப்பன் இரண்டாவதாக வந்தார். பிற்பாடு சத்தியநாராயணா என்னும் பயிற்சியாளர் அவரைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று பழக்கினார்.

நம்பிக்கை என்றால் நாம் இரண்டு விதமாகப் பொருள் கொள்கிறோம். ஒன்று தெய்வத்தின்மேல் வைப்பது. மற்றொன்று தன்மேல் வைப்பது. மூன்றாவது விதம் ஒன்று உண்டு: நம்மேல் பிறர் வைப்பது. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தன்னம்பிக்கை என்ற வார்த்தைகூடத் தெரியாது. தாயாரும் ஆசிரியரும் அவன்மேல் வைத்த நம்பிக்கையைத்தான் அவன் முதலில் கடனாக வாங்கிக்கொள்கிறான். பிறகு அது அவனுடைய சொந்தச் சொத்தாகிவிடுகிறது.

பாராலிம்பிக் பந்தயமே அவ்விதம் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், முதுகெலும்பு அடிபட்ட போர்வீரர்களுக்கு வைத்தியம் செய்துவந்தார். அத்தகையவர்களைப் படுக்கையில் கிடத்திப் பரிதாபப்படுவதே அந்நாளில் வழக்கம். குட்மன் அவர்கள் கையில் வில்லையும் அம்பையும் கொடுத்தார். 1948 ஜூலை 29-ந் தேதி, லண்டன் ஒலிம்பிக் ஆரம்பமான அதே தினத்தில், சக்கர நாற்காலியில் இருந்த பதினாறு பேர் அந்த ஆஸ்பத்திரி மைதானத்தில் வில் போட்டி நடத்தினார்கள். பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1960-ல், அது ரோமாபுரியில் உலகப் பந்தயமாகிவிட்டது.

தங்கம் கிடைத்ததோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த பாராலிம்பிக் 2021-ல் டோக்கியோவில் நடந்தது. ஆரம்ப விழாவில் பாரதக் கொடியை ஏந்திச் செல்ல மாரியப்பனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் விமானத்தில் உடன் வந்த ஒருவருக்குக் கொரோனா கண்டதால் அவரைத் தனியறையில் வைத்துவிட்டார்கள். கொடியை வேறொருவர் ஏந்தினார். போட்டி நாளன்று மழை. அடிபட்ட காலில் அணிந்திருந்த உறை நனைந்துபோய்த் தாண்டுவதற்குச் சிரமமாயிற்று. 1.86 மீட்டரோடு நின்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2024-ல் பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம்.

தங்கம், வெள்ளி, வெண்கலம் என்றால் கணக்கு வாத்தியார் இறங்குமுகம் என்று எழுதிவிடுவார். நான் அப்படி எழுதமாட்டேன். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். பாரிஸுக்குச் சில மாதம் முன்னால், ஜப்பானில் கோபே நகரில் 1.88 மீட்டர் தாண்டி உலகப் போட்டியில் முதலாவதாகவும் வந்தார். மூன்று தடவை தொடர்ந்து தவறினால் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பது உயரம் தாண்டுதலின் இன்னொரு விதி. ஆகவே ஜயித்தவருக்கும் அன்றைய ஆட்டம் பெரும்பாலும் கம்பு கீழே விழுகிற சத்தத்தோடுதான் முடிகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் மறுநாள் மைதானத்துக்கு வருவதற்குத்தான் திடசித்தம் என்று பெயர்.

இனி நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வருவோம். டிரில் வகுப்புக்கு மணி அடித்ததும் பிள்ளைகளெல்லாம் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். கால் ஊனமான பிள்ளை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களுடைய பைகளைக் காவல் காக்கிறது. இதைக் கொடுமை என்று யாரும் நினைப்பதில்லை. கருணை என்றே நினைக்கிறார்கள். "பாவம், விழுந்துவிடப் போகிறான்" என்று பெற்றோரும் சொல்லுகிறார்கள். விழாத குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது?

2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, இப்பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு சமமாகப் படிப்பு மாத்திரமல்ல, விளையாட்டுக்கும் பள்ளிக்கூடங்கள் சந்தர்ப்பம் அளிக்க வேண்டும் என்று சொல்லுகிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை மரத்தடியில் இருக்கிறது. இரண்டையும் சந்திக்க வைக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களும் பெற்றோர்களுமே. எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்கப் போவதில்லை. கைகால் நன்றாயிருக்கிற பிள்ளைகளுந்தான் வாங்குவதில்லை. டாக்டரைக் கேட்டு, உடம்புக்கு ஏற்ற ஆட்டம் ஒன்றைப் பழக்கினால் போதும்.

நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் சில நாள் பழுத்து வாடி நிற்பதை நம் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. அப்போது அதைப் பார்த்து எந்தக் குடியானவனும் கைவிட்டுவிடுவதில்லை. வேர் விடவேண்டியது பயிர்தான். ஆனால் மடையைத் திறந்துவிட ஒரு மனிதன் வேண்டும்.

நாளைக்கு டிரில் மணி அடிக்கும்போது பைகளுக்குக் காவல் வேண்டாம். பைகள் ஓடிப்போக மாட்டா, ஓடவேண்டியவர்கள் பிள்ளைகள்.