ஷூ அதிரும், கால் உணருமா?

ஹைதராபாத் கம்பெனி ஒண்ணு 2014-ல 'லேச்சல்'னு ஒரு ஷூவை அறிமுகப்படுத்துச்சு. போன் மேப்போட இணையும். இடப்பக்கம் திரும்பணும்னா இடது கால்ல அதிர்வு, வலம்னா வலது. பார்வையற்றவங்களுக்காக யோசிச்சது. காது தெருச் சத்தத்துக்கு ஃப்ரீ. அருமைதான்.

ஆனா எங்க குண்டடம் பக்கம் சர்க்கரையால பார்வை போனவங்களும் உண்டுங்க. விழித்திரையைக் கெடுக்குற சர்க்கரை பாத நரம்பையும் கெடுக்கும். 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கைக் கால் பெருவிரல்ல வெச்சா, "ஒண்ணுமே தெரீலீங்க"ம்பாங்க. அவங்களுக்கு அந்த ஷூ எப்படி வழி சொல்லும்?

டெல்லி ஐஐடியோட ஸ்மார்ட்கேன் வழி காட்டாது, எதிர்ல இருக்குற தடையை மட்டும் சொல்லும். ஆனா அதிர்வு கைப்பிடியில. நரம்பு பாதிப்பு பொதுவா பாதத்துல ஆரம்பிச்சு, முழங்கால் வரை ஏறின பிறகுதான் கைக்கு வரும். என் ஓட்டு கைக்குத்தான்.

உபகரணம் குடுக்குற முகாம்ல கண்ணோட நிறுத்தாம, ஃபோர்க்கைப் பாதத்துலயும் கையிலயும் வெச்சுப் பாத்துட்டுக் குடுங்க. ஒரு நிமிஷ வேலை.