ஏலக் கூடத்தில் வீரருக்கு இருக்கை இல்லை

2023 பிப்ரவரியில் தமிழ்நாடு பிரீமியர் லீக் முதல்முறையாக வீரர்களை ஏலத்தில் எடுத்தது. அதில் மிக அதிக விலைக்குப் போனவர் சாய் சுதர்சன். லைக்கா கோவை கிங்ஸ் அவரை ரூ.21.60 லட்சத்துக்கு வாங்கியது. அதே ஆண்டு ஐபிஎல் போட்டியில் குஜராத் டைட்டன்ஸ் அணியில் அவருடைய விலை ரூ.20 லட்சம். உலகின் மிகப் பணக்கார கிரிக்கெட் போட்டியைவிட ஒரு மாநிலப் போட்டி கூடுதலாகத் தருகிறதே என்று அப்போது பலரும் வியந்தனர். மூன்று மாதம் கழித்து ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக அவர் 47 பந்துகளில் 96 ரன் குவித்தபோது வியப்பு இன்னும் கூடியது.

பொருளாதாரம் படித்தவருக்கு இதில் வியப்பு இல்லை. கோவை அணி அவரைத் திறந்த ஏலத்தில், போட்டியாளர்களுக்கு நடுவே வாங்கியது. குஜராத் அணியோ முந்தைய ஆண்டே அவரை அடிப்படை விலையில் எடுத்துவிட்டது. அதே விலையில் தொடர்வதா, விடுவிப்பதா என்று முடிவு செய்யும் உரிமையும் அந்த அணியிடமே இருந்தது. 2025 போட்டிக்கு முன்பு அதே அணி அவரை ரூ.8.5 கோடிக்குத் தக்கவைத்தது. திறமை ஒரே இரவில் நாற்பது மடங்கு பெருகிவிடவில்லை. அவர் ஏலத்துக்குப் போய்விடக்கூடும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் கதையும் இதுதான். 2017இல் பஞ்சாப் அணி அவருக்குத் தந்த விலை ரூ.3 கோடி, அடுத்த ஆண்டு ஹைதராபாத் தந்தது ரூ.40 லட்சம். 2020இல் அவர் 16 விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமானபோதும் அவருடைய ஏல விலை அதே ரூ.40 லட்சம்தான். ஒன்றை மறுக்க முடியாது: 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டம்கூட ஆடாத அவரை அந்த அணி வைத்திருந்தது. நட்ட அபாயத்தை அணி சுமக்கிறது என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதி, வீரர் எதிர்பார்ப்பை மிஞ்சினால் அந்த ஆதாயம் முழுவதும் யாருக்குப் போகிறது என்பது.

உழைப்பை விலைக்கு வாங்குபவர் ஒருவரே இருக்கும் சந்தையை ஜோன் ராபின்சன் 1933இல் விரிவாக ஆராய்ந்தார். பாடநூல்கள் அதற்கு ஒரே சுரங்கம் உள்ள ஊரைக் காட்டும். என் மாணவர்களுக்கு அது விளங்காது. குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளின் 'பாக்கி' கணக்கைச் சொன்னால் உடனே விளங்கும். தறி ஓட்டுபவர் முதலாளியிடம் முன்பணம் வாங்குவார். கணக்கில் நிற்கும் அந்தத் தொகைதான் பாக்கி. வேறு தறிக்கூடத்துக்குப் போக அதைக் கட்ட வேண்டும்; கையில் பணமிராது. புதிய முதலாளி பாக்கியைத் தீர்த்து ஆளை அழைத்துப் போவார். ஆனால் ஆள் தட்டுப்பாடு வந்த காலங்களில், கூடுதல் பாக்கி கொடுத்து ஆளைப் பிடிக்க முதலாளிகள் போட்டியிட்டதும் உண்டு. தொண்ணூறுகளில் அங்கு ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நீவ் இந்த இரு முகங்களையும் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பிடியை அமெரிக்கக் கூடைப்பந்து எழுதப்பட்ட விதியாகவே வைத்திருக்கிறது. முதல் ஒப்பந்தம் முடிந்த இளம் வீரருக்கு அவருடைய அணி ஓராண்டு ஊதியம் ஒன்றை முன்வைத்துவிட்டால், அவர் 'கட்டுப்பாட்டுடன் கூடிய சுதந்திர வீரர்' ஆகிறார். பிற அணிகளிடம் விலை கேட்கலாம். ஆனால் அந்த விலையைத் தானே தந்து அவரை நிறுத்திக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு உண்டு. எப்படியும் தட்டிப் பறிக்கப்படும் பண்டத்துக்கு யார் விலை கேட்பார்கள்? 2025இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கும் ஜோனதன் குமிங்காவுக்கும் இடையிலான இழுபறி கோடை முழுவதும் நீடித்தது. வேறெந்த அணியும் அவரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கவில்லை. செப்டம்பர் இறுதியில், கெடு முடியும் தறுவாயில், இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு உடன்பாடு ஏற்பட்டது. இரண்டாம் ஆண்டு தொடர்வது அணியின் விருப்பம். ஆயினும் குமிங்காவிடம் ஓர் ஆயுதம் இருந்தது. ஏறத்தாழ 79 லட்சம் டாலர் கொண்ட அந்த ஓராண்டு ஊதியத்தை ஏற்று ஆடிவிட்டால், மறு ஆண்டு எந்தத் தடையுமின்றி வெளியேறலாம். இந்த விதியை வீரர்கள் சங்கமும் பேரம் பேசி ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஐபிஎல்லில் இதற்கு இணையானது 'ரைட் டு மேட்ச்' என்னும் ஆர்டிஎம் அட்டை. வேறு அணி கேட்ட உச்ச விலையைத் தந்து பழைய அணி வீரரைத் திரும்பப் பெறலாம். இது வீரருக்கு அநீதி என்று 2024 ஏலத்துக்கு முன்பு ரவிச்சந்திரன் அஸ்வின் வெளிப்படையாகவே பேசினார். அந்த ஏலத்தில் விதி சற்றே மாறியது: அட்டை காட்டப்பட்ட பின், விலை கேட்ட அணி கடைசியாக ஒருமுறை தொகையை உயர்த்தலாம். அர்ஷ்தீப் சிங்குக்கு ஹைதராபாத் கேட்டது ரூ.15.75 கோடி. பஞ்சாப் அட்டையைக் காட்டியது, ஹைதராபாத் ரூ.18 கோடிக்கு உயர்த்தியது. பஞ்சாப் அதையும் தந்தது. பழைய விதி இருந்திருந்தால் அந்த ரூ.2.25 கோடி அவருக்குக் கிடைத்திருக்காது. சென்னை அணி ரச்சின் ரவீந்திராவைத் திரும்பப் பெற்றபோதும் இவ்வாறே ரூ.3.2 கோடி ரூ.4 கோடியானது.

ரவீந்திர ஜடேஜாவைப் போல் இந்த அமைப்பின் எல்லா மூலைகளையும் பார்த்தவர் எவருமில்லை. ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மும்பை அணியுடன் நேரடியாகப் பேச முயன்றதற்காக 2010 போட்டி முழுவதும் அவர் தடை செய்யப்பட்டார். வேறெந்தத் தொழிலிலும் அதற்கு வேலை தேடுதல் என்று பெயர். 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் அவருக்காக அனுமதிக்கப்பட்ட உச்சமான 20 லட்சம் டாலரில் முட்டி நின்றன. ரகசியத் தொகை எழுதித் தந்து சென்னை வென்றது; அந்தக் கூடுதல் தொகை சேர்ந்த இடம் கிரிக்கெட் வாரியம். குமாரபாளையத்தில் ஏற்றிக் கொடுத்த பாக்கி கடனாகவேனும் தறி ஓட்டுபவரின் கைக்கு வந்தது. ஜடேஜாவுக்கு அதுவும் இல்லை. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக அவர் ராஜஸ்தானுக்கே திரும்பியபோது அவருடைய விலை ரூ.18 கோடியிலிருந்து ரூ.14 கோடியாகக் குறைந்தது. அடுத்த மாத ஏலத்தில் கேமரூன் கிரீனுக்குக் கொல்கத்தா ரூ.25.20 கோடி கொடுத்தது. வெளிநாட்டு வீரர்களுக்கான வரம்பின்படி அவருக்குச் சேர்வது ரூ.18 கோடி, மீதி வாரியத்துக்கு.

இந்தியச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? ஜாகீர் கானின் விளம்பர வாய்ப்புகளைக் கவனித்த நிறுவனம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிறர் தரும் விலையைத் தானே தந்து அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளும் உரிமையைக் கோரியது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி தொழிலைத் தடுக்கும் அத்தகைய நிபந்தனை செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விளம்பர ஒப்பந்தம் பற்றிய தீர்ப்பு அப்படியே ஐபிஎல் விதிகளுக்குப் பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. அணிகளுக்கிடையே சமநிலை வேண்டும் என்பது லீக் போட்டிகளுக்கே உரிய நியாயம். ஆனால் அந்தச் சமநிலைக்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ரூ.48,390 கோடிக்கு விற்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.9,680 கோடி. ஏலத்தொகை, ஆட்ட ஊதியம் எல்லாம் சேர்த்து 2025இல் ஓர் அணி வீரர்களுக்குத் தரக்கூடிய உச்சம் ரூ.146 கோடி, பத்து அணிகளுக்கு ரூ.1,460 கோடி. ஒளிபரப்பு வருவாயில் மட்டும் கணக்கிட்டாலே சுமார் 15 விழுக்காடு. அமெரிக்கக் கூடைப்பந்தில் மொத்த வருவாயில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்கு. கட்டுப்பாடுகள் அங்கும் உண்டு. அவற்றுக்கு ஈடாக அங்கே ஒரு பங்கு பேசி வாங்கப்பட்டிருக்கிறது. லோதா குழுப் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2019இல் இங்கு உருவான வீரர்கள் சங்கத்தில் ஓய்வு பெற்றோர் மட்டுமே சேரலாம்.

ஜடேஜாவுக்காகவோ சாம்சனுக்காகவோ நாம் வருந்தத் தேவையில்லை. அடிப்படை விலையில் எடுக்கப்படும் இருபது வயதுப் பையன்களைப் பற்றியதே என் கவலை. ஆட்ட வாழ்வு பத்தாண்டு நீண்டால் அதிகம். ஒரு காயத்தில் முடிந்தும் போகலாம். அதில் மூன்றாண்டுகள் பழைய விலையில் போவது சிறிய இழப்பல்ல. 2027 போட்டியுடன் இப்போதைய சுற்று முடிந்து, புதிய ஏல விதிகளை வாரியம் எழுதும். அடிப்படை விலையில் வந்தவர் ஓர் ஆண்டில் குறித்த எண்ணிக்கையிலான ஆட்டங்கள் ஆடிவிட்டால், மறு ஆண்டு ஏலத்துக்குப் போகும் விருப்பத்தை அவருக்கே தரலாம். வரம்புக்கு மேற்பட்ட தொகையை வாரியம் எடுத்துக்கொள்ளாமல் இத்தகைய வீரர்களின் ஊதியத்தை உயர்த்தப் பயன்படுத்தலாம். இவற்றை விதிகள் எழுதப்படும் மேசையில் யாரேனும் கேட்க வேண்டும். இன்று ஆடிக்கொண்டிருப்பவர் எவருக்கும் அந்த மேசையில் இடமில்லை.