எண்ணெய்த் தடைக்குப் பத்தாண்டு முன்பே

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஜப்பானைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கும். வளமில்லாத தீவு நாடு, மக்கள்தொகையோ பெருகிக்கொண்டிருந்தது, போதாக்குறைக்கு அமெரிக்கா எண்ணெயையும் நிறுத்தியது. வேறு வழியில்லாமல்தான் ஜப்பான் அண்டை நாடுகள்மேல் பாய்ந்தது என்பார்கள். கேட்கப் பொருத்தமாகவே இருக்கும். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொருந்தாது.

எண்ணெய்த் தடை வந்தது 1941 ஆகஸ்டில். மஞ்சூரியப் படையெடுப்பு தொடங்கியதோ 1931 செப்டம்பர் 18 இரவில். முக்டென் நகருக்கு அருகே, ஜப்பானுக்கே சொந்தமான ரயில் பாதையில், அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகள் வெடி வைத்தார்கள். சற்று நேரத்தில் வந்த ரயில் அந்த இடத்தைக் கடந்து போய்விட்டது, சேதம் அவ்வளவுதான். ஆனாலும் பழியைச் சீனர்மேல் போட்டு, அன்றிரவே சீனப் படைமுகாமைத் தாக்கினார்கள். திட்டம் தீட்டியவர்கள் இஷிவாரா கஞ்சியும் இதாகாகி செய்ஷிரோவும். மோதலைப் பெரிதாக்க வேண்டாம் என்றது டோக்கியோ அமைச்சரவை. கொரியாவிலிருந்த தளபதி ஹயாஷி செஞ்சூரோ பேரரசரின் ஆணைக்குக்கூடக் காத்திராமல் எல்லை தாண்டிப் படையை அனுப்பினார். 1937இல் சீனாவுடன் முழுப் போர் மூண்ட பிறகும் அமெரிக்க எண்ணெய் வந்துகொண்டுதான் இருந்தது. 1941 ஜூலையில் தெற்கு இந்தோசீனாவுக்குள் ஜப்பானியப் படை நுழைந்த பின்னரே அது நின்றது. அந்தத் தடை பேர்ல் துறைமுகத் தாக்குதலை விரைவுபடுத்தியிருக்கலாம். அதற்கு முந்தைய பத்தாண்டுப் படையெடுப்புக்கு அது எப்படிக் காரணமாகும்?

அடுத்தது வளமும் மக்கள்தொகையும். காலனிகளை விட்டுவிடுவதே ஜப்பானுக்கு லாபம் என்று 1921லேயே எழுதினார் பொருளாதார இதழாளர் இஷிபாஷி தன்ஸான். கொரியா, தைவான், குவாண்டுங் மூன்றோடும் நடக்கும் வணிகத்தைவிட அமெரிக்கா ஒன்றோடு நடக்கும் வணிகமே பெரிது என்பது அவர் காட்டிய கணக்கு. குடியேற்றக் கணக்கும் அப்படித்தான். 20 ஆண்டுகளில் 10 லட்சம் குடும்பங்களை மஞ்சூரியாவில் குடியமர்த்த 1936இல் திட்டமிட்டார்கள். 1945 வரை போய்ச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2.7 லட்சம் பேர். 7 கோடி மக்களின் நெருக்கடியை இது எந்த மூலைக்குத் தீர்க்கும்? 14 ஆண்டுகள் கையில் வைத்திருந்த மஞ்சூரிய மண்ணுக்கு அடியில் பெரும் எண்ணெய் வயல் இருந்ததும் அவர்களுக்குத் தெரியாமலே போயிற்று. தாச்சிங்கில் அதைச் சீனர்கள் கண்டெடுத்தது 1959இல்.

மேலை நாடுகள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். இல்லைதான். இனச் சமத்துவம் வேண்டும் என்ற ஜப்பானின் கோரிக்கையை 1919இல் பாரிஸ் மாநாட்டில் தட்டிக்கழித்தவர்கள், ஆசியாவெங்கும் காலனி வைத்திருந்தவர்கள் அவர்கள். ஜப்பானின் மனக்குறை நியாயமானதே. அதற்காகக் கொரியரையும் சீனரையும் அடிமைப்படுத்தியது நியாயமாகிவிடாது. ஆசிய விடுதலை என்ற ஜப்பானின் முழக்கத்தை நம்பி மலாயாத் தமிழர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது உண்மை. அதே மலாயாவின் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு ஆயிரமாயிரமாய் மடிந்த தமிழர்களும் ஆசியர்கள்தானே.

வேறு வழியே இல்லை என்பதுதான் இந்த வாதத்தின் உயிர்நாடி. வழி இருந்தது. நிதியமைச்சர் தகஹாஷி கொரேகியோ நாணய மதிப்பை இறங்கவிட்டு, ஏற்றுமதியைப் பெருக்கி, பல நாடுகளுக்கு முன்பே ஜப்பானைப் பெருமந்தத்திலிருந்து மீட்டார். பிறகு ராணுவச் செலவுக்குக் கடிவாளம் போடப் பார்த்தார். 1936 பிப்ரவரி 26 அன்று ராணுவ அதிகாரிகள் அவரை வீடு புகுந்து கொன்றார்கள். பிரதமர் இனுகாய் த்சுயோஷியைக் கடற்படை இளம் அதிகாரிகள் 1932லேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். மாற்று வழியை அடைத்தது வாஷிங்டன் அல்ல, ஜப்பானியத் துப்பாக்கி. காலனிகளை விடச் சொன்ன இஷிபாஷி 1956இல் பிரதமரானார். அவர் சொன்னபடியே ஒரு காலனியும் இல்லாத ஜப்பான், 1968இல் முதலாளிய உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாக இருந்தது.