கை வேலைக்காரனுக்குக் காரணம் தெரியக்கூடாதா?

வீட்டுக் கரண்டுச் செலவைக் குறைக்கவேண்டுமென்று இன்று சர்க்கார் முதல் குடும்பஸ்தர் வரை எல்லோரும் பேசுகிறார்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் பேனுக்கும் நட்சத்திரக் குறி கட்டாயமாயிற்று. 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் 75,021 கோடி ரூபாயில், 1 கோடி வீடுகளின் கூரைமேல் சூரிய மின்தகடு வைக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. சந்தோஷமே. ஆனால் கூரை ஏறி இந்த வேலையைச் செய்கிறவனுக்கு நாம் கொடுக்கும் படிப்பு என்ன என்று கேட்பாரைக் காணோம்.

சென்னை கிண்டியில் 1986-ல் ஏற்பட்ட 'நிமி' ஸ்தாபனம் ஐ.டி.ஐ.களுக்குத் தமிழிலும் புத்தகம் போடுகிறது. இதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் எழுத்து தமிழாய் இருந்துவிட்டால் மாத்திரம் போதுமா? புத்தகத் தமிழில் 'மின்தடை' என்றால் ஒயரில் கரண்டு ஓடுவதைத் தடுக்கும் குணம். பத்திரிகையிலோ, 'நாளை மின்தடை' என்றால் நாளைக்குக் கரண்டு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுப் பையனுக்கு மூளை இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? வேலைக்காரன் வாயில் 'எர்த்' என்று வழங்கினால் அதையே அச்சிட்டு விளக்குவதில் தமிழுக்கு என்ன குறைந்துவிடும்?

இது வெறும் சொல் வழக்கல்ல, உயிர் வழக்கு. மெயினை அணைத்தால் கரண்டு நின்றுபோம் என்பது நம்மவர்கள் பழகிய பழக்கம். சூரியத் தகட்டிலோ மெயினை அணைத்த பிறகும், வெயில் இருக்குமட்டும் தகட்டிலும் அதிலிருந்து இறங்கும் ஒயரிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல தகடுகளை வரிசையாய் இணைத்திருந்தால் அது ஆளைக் கொல்லவும் கூடும். இதைக் காரணத்தோடு அறியாமல் மனப்பாடம் செய்து சர்ட்டிபிகேட் வாங்கியவன் கூரையிலிருந்து உயிரோடு இறங்குவதற்கு யார் ஜவாப்தாரி?

அன்றியும், நாஞ்சில் நாட்டுப் பையனுக்கு நாஞ்சில் நாட்டு வீட்டைப் பற்றியல்லவா பாடம் வேண்டும்? முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஆரல்வாய்மொழிக் காற்றில் தகட்டுச் சட்டத்தை எப்படி இறுக்குவது, குளச்சல் உப்புக் காற்றில் இரும்பு துருவேறாமல் எப்படிக் காப்பது, இரண்டு பருவமழையும் பெய்யும் சீமையில் ஓட்டுக்கூரையை ஒழுகவிடாமல் எப்படி வேலை செய்வது - இவையல்லவா பாடம்? 75 வாட் பேனை மாற்றி 30 வாட் பேன் போட்டு, தினம் 10 மணி நேரம் ஓட்டினால் வருஷத்தில் சுமார் 164 யூனிட் மீதியாகும். இக்கணக்கை வீட்டுக்காரருக்கு அவனே போட்டுக் காட்டவேண்டாமா? வாஸ்துக்காரன் பேச்சைக் கேட்டு வாசலை இடித்துக் கட்டப் பணம் கொடுக்கிறவர்கள், காங்கிரீட் மாடி ஏன் கொதிக்கிறது, வெள்ளைப் பூச்சு ஏன் சூட்டைக் குறைக்கிறது என்று சொல்லத் தெரிந்த தொழிலாளியின் பேச்சையும் அப்பொழுது கேட்பார்கள்.

'மேஸ்திரி சொன்னதைச் செய்தால் போதாதா, காரணம் எதற்கு?' என்பார் சிலர். அறிவு ஒருவனுக்கு, உழைப்பு இன்னொருவனுக்கு என்று பிரித்துவைத்த பழைய வருணாசிரமப் புத்தி அல்லாமல் இது வேறென்ன?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: பாடப் புத்தகம் எழுதும் கமிட்டியில் தொழிலாளியும் உட்காரவேண்டும். அவனது சொல் அதில் ஏறவேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் காரணமும் அபாயமும் சொல்லப்படவேண்டும். பரீட்சை பேப்பரில் மட்டுமல்லாமல் கூரைமேலும் நடக்கவேண்டும். தமிழுக்காகப் போராடி 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஜில்லாவிலே, தொழிலாளிக்குத் தன் தொழில் தன் பாஷையில் புரியவில்லையென்றால், அந்தப் போராட்டம் யாருக்காக நடந்தது என்று கேட்கின்றோம்.