காலுக்கேற்ற மிதி



செருப்புக்காகக் காலைச் செதுக்குவோர் எவருமிலர். ஆயினும் மோட்டார் வண்டியில் அமரும்பொழுது நம்மிற் பலர் அதனையே செய்கின்றோம். வேறொருவர் அளவுக்கு வைத்த இருக்கையில், காலை எட்டி நீட்டி ஒருவாறு ஓட்டிவிடுகின்றோம். இதனை எழுதத் தூண்டியவன் என் தமக்கையின் மகன்.

அவன் பொறியியற் கல்லூரி மாணவன். தோழர்களுடன் சேர்ந்து, இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து, ஒருவர் அமரும் பந்தயக் காரொன்றைக் கட்டி வருகிறான். நம் விக்ரோலிக்கு அண்டையிலுள்ள பொவாய் ஐ.ஐ.டி. மாணவர்களும் இவ்வாறே மின்சாரப் பந்தயக் கார்களைக் கட்டியுள்ளனர். இத்தகைய கார்களுக்கான ‘ஃபார்முலா பாரத்’ போட்டி நடைபெற்று வரும் இடம் கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை. மாருதி 800 எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார்களை அமைத்துக் காட்டி, 1995-இல் மறைந்த கோவைப் பெருமகன் கரிவரதனின் பெயரை அப்பாதை தாங்கி நிற்கிறது.

மருமகனின் குழுவினர் பெடல்களைத் தம்முள் நெடியவனின் காலளவுக்கு இறுக்கிவிட்டனர். ஓட்டத் தேர்ந்த மாணவியோ ஐந்தடி உயரமே உடையவள். கால் எட்டாமையால் வார்ப்பட்டையைத் தளர்த்தி, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து அமர்ந்தாள். சோதனை ஓட்டத்தில் பிரேக்கை அழுத்தியபொழுது பெடல் அமிழவில்லை; அவளே பின்னோக்கி நகர்ந்தாள். கார் டயர்க் குவியலில் மோதி நின்றது. நல்வினைப் பயனாய் எவருக்கும் காயமில்லை.

“மாமா, பிரேக்கில் பழுதில்லை, உட்கார்ந்த முறையில்தான் பழுது” என்றான் அவன்.

உண்மை அதுவே. பெடலை நாம் உந்துகையில் அதே விசை நம்மையும் பின்னே தள்ளும். முதுகுக்கு இருக்கையின் தாங்கல் இருந்தாலன்றிக் காலின் வலிமை பயன்படாது. பிரேக் பெடல் ஒரு நெம்புகோல். துணைவிசை இல்லாத பிரேக்கில் நெம்பு விகிதம் ஏறத்தாழ 6-க்கு 1 என வைப்பர். 30 கிலோ அழுத்தம் 180 கிலோவாகப் பெருகும். பதற்றத்தில் மனிதன் உதைக்கும் உதை பெரிதாகலின், அப்பெடல் 2000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ விசையைத் தாங்க வேண்டுமென்பது மாணவர் போட்டிகளின் விதி.

ஆகவே, கட்டும் முறைக்கும் ஒரு வரிசையுண்டு. முதலில் இருக்கை, அடுத்துப் பெடல், இறுதியில் ஸ்டியரிங். பலகையால் மாதிரி இருக்கை செய்து, ஓட்டுபவரை அமர்த்தி, குதிகால் படியும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறிப்பர். பிரேக்கை முற்றும் அழுத்திய நிலையிலும் முழங்கால் சிறிது மடிந்திருத்தல் வேண்டும். பெடல்களுக்கிடையே, ஒன்றை மிதிக்கையில் மற்றொன்றில் காலணி படாத இடைவெளி வேண்டும். இப்பொழுது அக்குழுவினர் பெடல்களை முன்பின் நகரும் சட்டத்தில் பூட்டிவிட்டனர். நெடியவனும் குறியவளும் ஒரே வண்டியை ஓட்டலாம்.

நாம் காரைக் கட்டப் போவதில்லை. ஆயினும் ஒரே வண்டியைக் கணவன் காலையிலும் மனைவி மாலையிலும் ஓட்டும் வீடுகள் நம்மிடையே உண்டு. இரு ஓட்டுநர்கள் முறைவைத்து ஓட்டும் வாடகைக் கார்களும் உண்டு. சாவியைத் திருப்புமுன் அரை நிமிடம் செலவிடுங்கள். முதுகை நன்கு சாய்த்து, பிரேக்கை அடிவரை மிதித்துப் பார்த்து, இருக்கையை நகர்த்துங்கள். தோள் இருக்கையை விட்டு விலகாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 10 அங்குலமேனும் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னே தலையணை வைப்பது இதற்கு ஈடாகாது. அழுத்துகையில் அது அமுங்கிவிடும். கழன்று பெடலுக்கடியில் சிக்கக்கூடிய செருப்பையும் தவிருங்கள்.

பிறர் அமர்ந்த இடத்தில் அமர்வது குற்றமன்று. அதனை நம் அளவுக்கு மாற்றிக்கொள்ளச் சோம்புவதே குற்றம். வீட்டில் நமக்காகக் காத்திருப்போரை எண்ணினால் அரை நிமிடம் பெரிதன்று.