தகப்பன் பெருமையும் கைரேகைப் புரட்டும்

பெற்றவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. பிள்ளை நாலு அடி சேர்ந்தாற்போல் பாடிவிட்டால் போதும். வீட்டிற்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, "கேட்டு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். வந்தவர் "பேஷ்!" என்றால் அவர் ரசிகர், "இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும்" என்றாலோ அவர் பொறாமைக்காரர். ஆகவே இவர்கள் கேட்பது அபிப்பிராயம் அல்ல, புகழ்ச்சியேயாகும். உலகமெங்கும் உள்ள இந்தப் பலவீனத்தில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை. ஆனால், இதனுடன் மூடநம்பிக்கையும் கூடிக்கொண்டால் குழந்தைகளின் கதி என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைத் தோழர்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

ரேகையும் குறியும் படிப்பில்லாத தேசத்துச் சரக்கு என்றும், சயன்சு வளர்ந்த தேசத்தில் அவை தலைகாட்டா என்றும் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. மனிதனைச் சந்திரனில் இறக்கிய தேசத்தில்தான், அவனை இறக்கிய அதே 1969ஆம் வருஷத்தில்தான், இந்தக் கதையும் உச்சத்திற்கு வந்தது.

நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஃப்ரீமாண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே ஆஸ்டின் விக்கின் என்கிற ஒரு பஞ்சாலைத் தொழிலாளி இருந்தார். அவர் சிறு வயதாயிருந்தபோது அவருடைய தாயார் அவர் கையைப் பிடித்து ரேகை பார்த்து மூன்று சேதி சொன்னாராம். செம்பொன் நிறக் கூந்தலுடைய பெண்ணை மணப்பாய் என்பது ஒன்று. நான் இறந்தபிறகு உனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறப்பார்கள் என்பது இரண்டு. உன் பெண்கள் சங்கீதக் கோஷ்டி அமைத்துப் பேர் எடுப்பார்கள் என்பது மூன்று. முதல் இரண்டும் நடந்துவிட்டன. ஆகவே மூன்றாவதும் நடந்தே தீரும் என்று ஆஸ்டின் முடிவு கட்டிவிட்டார்.

உடனே தம் பெண்கள் ஹெலன், டாரத்தி, பெட்டி ஆகியவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். தபால் மூலம் படிக்க ஏற்பாடு செய்தார். கூலியில் மிச்சம் பிடித்த காசில் கிதாரும் டிரம்மும் வாங்கிக் கொடுத்து, கற்றுக்கொடுக்க ஆளும் அமர்த்தினார். பகலிலும் சாதகம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் சாதகம். அதற்குமேல் தேகப்பயிற்சி வேறு. அக்காலத்து வாலிபர்களைப் பித்துப் பிடிக்கச் செய்த ராக் சங்கீதத்தில் இந்தப் பெண்கள் கொடிகட்டிப் பறப்பார்கள் என்பது அவர் எண்ணம். கோஷ்டிக்கு 'ஷேக்ஸ்' என்று பெயரும் வைத்தார். "உங்களுக்கு இதில் பிரியமா?" என்கிற ஒரு கேள்வியை மாத்திரம் அந்தப் பெண்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கை கேட்டாய்விட்டது, வாயைக் கேட்பானேன்?

1968ல் எக்ஸிடர் என்கிற பக்கத்து ஊரில் முதன்முதல் மேடை ஏறினார்கள். தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். கூட்டம் கேலி செய்தது. சோடா டப்பிகளை வீசியடித்தது. இதைவிடத் தெளிவான அபிப்பிராயம் எந்தத் தகப்பனுக்காவது கிடைக்குமா? ஆனால் ஆஸ்டினோ, வீட்டிற்குப் போய் இன்னும் அதிகமாகச் சாதகம் செய்யுங்கள் என்றார். 1969 மார்ச்சு மாதத்தில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ரெவியர் என்னுமிடத்திலுள்ள ஒலிப்பதிவு நிலையத்திற்கு அழைத்துப் போனார். இந்தப் பெண்கள் இன்னும் தயாராகவில்லையே என்று அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் அதற்கும் மசியவில்லை. சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்கிற பொருள்படப் பதில் சொல்லி, தம் காசைக் கொடுத்து, ஒரே நாளில் ஒரு முழு இசைத்தட்டுக்குப் பாட வைத்தார். 'பிலாசபி ஆஃப் தி வேர்ல்டு' என்பது அதன் பெயர். பெற்றோர் யார் என்று கேட்டு, அவர்களை மெச்சிப் பேசுகிற பாட்டு ஒன்றும் அதில் உண்டு. எழுதியது டாரத்திதான். அந்தப் பெண்களுக்குத் தகப்பனிடம் அன்பில்லை என்று எவரும் சொல்லமுடியாது. அந்த அன்பைத்தான் ரேகைக்குக் காணிக்கையாக்கினார் தகப்பனார்.

நிற்க. இந்த ரேகையின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம். செம்பொன் கூந்தல் அந்தத் தேசத்தில் கிடைக்காத அதிசயமல்ல. சிறு வயதிலேயே காதில் போட்டுவைத்த சேதி, பெண் தேடும் வயதில் கண்ணை எந்தப் பக்கம் திருப்பும் என்று சொல்லவும் வேண்டுமா? இரண்டாவது, பல பிள்ளைகள் பெறுகிற குடும்பத்தில் இரண்டு ஆண் பிறப்பது எந்தச் சாஸ்திரத்தால்? மூன்றாவதுதான் முக்கியமானது. ரேகையே கோஷ்டியை அமைக்கும் என்றால் கிதார் வாங்குவானேன்? வாத்தியாருக்குச் சம்பளம் எதற்கு? ஒலிப்பதிவுக்குக் காசு எதற்கு? காசும் கட்டாயமும்தான் கோஷ்டியை அமைத்தன என்றால் ரேகைக்கு அதில் என்ன வேலை? தானே குழி தோண்டி, தானே விழுந்து, "விழுவாய் என்று அன்றே சொன்னார்கள், பலித்துவிட்டது" என்பவனை என்னவென்று சொல்வது?

இசைத்தட்டு வெளிவந்தது, உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயினும் ஃப்ரீமாண்ட் ஊர் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் அந்தப் பெண்கள் வாசித்து வந்தார்கள். ஹெலன் தாம் விரும்பியவரை இரகசியமாய் மணந்துகொண்டு, தகப்பனாரிடம் சொல்லப் பயந்து மூன்று மாதம் மறைத்து வைத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 28! சேதி தெரிந்ததும் தகப்பனார் துப்பாக்கியைத் தூக்கினார். 28 வயதுப் பெண்ணுக்குத் தன் கலியாணத்தைச் சொல்லும் தைரியமில்லாமல் செய்த வளர்ப்பை அன்பு என்பதா, அடிமைத்தனம் என்பதா? 1975ல் ஆஸ்டின் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 47. அதோடு கோஷ்டியும் கலைந்தது. அது அந்தப் பெண்களின் கோஷ்டியாய் இருந்திருந்தால் தகப்பன் இறந்ததும் ஏன் கலையவேண்டும்?

இதைக் கேட்டவுடன் ரேகைக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். "1980ல் அதே தட்டு மறுபடி வெளிவந்ததே! கர்ட் கோபேன் போன்ற பேர்பெற்ற ராக் பாடகர் அதைத் தமக்குப் பிடித்த தட்டுகளில் ஒன்றாய் எழுதிவைத்தாரே! 2011ல் நியூயார்க்கில் இவர்கள் கதை சங்கீத நாடகமாகவும் நடந்ததே! ரேகை பலித்ததா இல்லையா?" என்பார்கள். பலித்தது என்றே வைத்துக்கொள்வோம். பேர் வரும் என்று சொன்ன ரேகை, அதைக் காணத் தகப்பன் இருக்கமாட்டான் என்று ஏன் சொல்லவில்லை? சோடா டப்பியை ஏன் சொல்லவில்லை? பள்ளிப் படிப்பு போகும் என்று ஏன் சொல்லவில்லை? பின்னால் மெச்சியவர்கள் ரேகையை மெச்சவில்லை. எவரையும் பின்பற்றாமல், தங்களுக்குத் தெரிந்ததைக் கள்ளமில்லாமல் வாசித்த அந்தப் பெண்களின் தனித்தன்மையை மெச்சினார்கள். அந்தப் பெருமை உழைத்த மூவருக்கே சேரவேண்டும். ஒரு உள்ளங்கைக்கு அதில் காலணாப் பங்கும் கிடையாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டாரத்தி 2013ல், வயது அறுபதைக் கடந்தபின், புதிய கோஷ்டியுடன் தம் இஷ்டப்படி ஒரு தட்டு வெளியிட்டார். ரேகை பார்த்து யாரும் அனுப்பவில்லை. தகப்பனார் கட்டளையும் இல்லை. பாட ஆசை வந்தது, பாடினார். சுயமரியாதை என்பது இதுதான்.

நாம் ராக் சங்கீதத்தைக் குறை சொல்லவில்லை. தம் கூலியைப் பிள்ளைகளுக்காகச் செலவிட்ட அந்தத் தொழிலாளியின் பாசத்தையும் பழிக்கவில்லை. அந்தப் பாசத்தை நல்ல வழியில் போகவொட்டாமல் செய்த மூடநம்பிக்கையைத்தான் பழிக்கிறோம். முடிவை முன்னதாகவே கையில் எழுதி வைத்துக்கொண்டவனுக்கு ஊரார் சொல்லும் அபிப்பிராயம் எப்படிக் காதில் ஏறும்?

தோழர்களே! உங்கள் வீட்டிலும் பாடும் பிள்ளை இருக்கலாம், படம் எழுதும் பெண் இருக்கலாம். தாராளமாகப் பெருமைப்படுங்கள். ஆனால் முதல் அபிப்பிராயத்தை அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டாவதை, உங்களுக்குப் பயப்படாத, அந்த வித்தை தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். அவர் "இன்னும் இல்லை" என்றால் காது கொடுங்கள். ஜாதகக் கட்டையும் கைரேகையையும் மாத்திரம் கேட்காதீர்கள். ஏனெனில், பிள்ளையின் கை பாட்டு வாசிக்க உண்டாயிருக்கிறதேயொழிய, தகப்பன் வாசிக்கும் ஏடாக உண்டாகவில்லை.