ஸ்பீக்கர் வயரும் விளக்குத் திரியும்

புஷ்ய பகுள பஞ்சமி வந்துவிட்டால், காவேரிக் கரை வீடுகளில் காலைக் காரியங்கள் சற்று முன்னதாகவே முடிந்தாக வேண்டும். திருவையாற்றில், பெங்களூர் நாகரத்தினம்மாள் எழுப்பிய தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதி ஆலயத்தில், வித்வான்கள் கூடி அமர்ந்து நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை பஞ்சரத்தினங்களைப் பாடுவார்கள். வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பும். 1939-ஆம் ஆண்டு திருச்சி நிலையம் தொடங்கிய நாளிலிருந்து, வீட்டில் இருந்தபடியே சங்கீதம் கேட்டுப் பழகிய சீமை இது.

அன்று பார்த்து உங்கள் வீட்டு ஸ்பீக்கர் "கர்ர் புர்ர்" என்றால்? வீட்டு எஜமானர் எழுந்து வந்து பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். பெட்டி என்ன செய்யும், பாவம்! பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இல்லை. வயரின் நுனியில் இருக்கிறது. அதைச் சரி செய்ய, விளக்குத் திரி திரிக்கத் தெரிந்த கை போதும், சகோதரிகளே!

முதல் காரியம்: ஆம்ப்ளிஃபயரை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு வயரின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேல்தோலை நீக்குங்கள். பல்லால் கடிக்க வேண்டாம், அரிவாள்மணையும் வேண்டாம். பிளேடால் சுற்றிலும் லேசாகக் கீறி உருவினால் போதும். உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகள் அறுபடக் கூடாது. அவற்றைத் திரி போல் ஒரே பக்கமாக முறுக்கித் துவாரத்தில் செருகுங்கள். ஓர் இழைகூட வெளியே நீட்டிக் கொண்டு பக்கத்து முனையைத் தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட் ஆகி ஆம்ப்ளிஃபயரே புகைந்துவிடலாம். செருகிய பின் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது இணைப்பே அல்ல. திருகாணி உள்ள முனையானால், நுனியில் ஈயம் பூசாதீர்கள். அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி, திருகாணி தளர்ந்துவிடும்.

இரண்டு வயரில் எது சிவப்புக்கு, எது கறுப்புக்கு? உற்றுப் பாருங்கள்: ஒன்றின் மேல் கோடு இருக்கும், அல்லது ஒன்று செம்பு நிறமாகவும் மற்றது வெள்ளி நிறமாகவும் இருக்கும். கோடு போட்டதை இங்கே சிவப்பில் செருகினால், அங்கேயும் சிவப்பில்தான் செருக வேண்டும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மட்டும் மாறிப் போனால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பாட்டு கேட்கும், ஆனால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும்!

டெல்டா வீடுகளுக்கென்றே இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, ஐப்பசி கார்த்திகை ஈரம். செம்பு கறுத்தும் பச்சை பூத்தும் போகும். மழைக்காலம் முடிந்ததும் பழைய நுனியை வெட்டி எறிந்து, புதிதாகத் தோல் நீக்கிச் செருகிவிடுங்கள். இன்னொன்று, நெல் மூட்டையைத் தேடி வரும் எலியார். அவர் வயரை நடுவில் கடித்து வைத்தால், தந்திக்காரர்களின் முடிச்சு கைகொடுக்கும். இரண்டு பக்கமும் நான்கு சென்டிமீட்டர் தோல் நீக்கி, குறுக்கே வைத்து, ஒவ்வொரு நுனியையும் மற்றதன் மேல் ஐந்தாறு சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். இழுக்க இழுக்க இறுகும். நம் நாட்டில் தந்தி 2013-இல் நின்றுவிட்டது. அந்த முடிச்சு இன்னும் நிற்கிறது!

இந்த நடு இணைப்பில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஈரம் உள்ளே புகாது. இரண்டு இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல், ஐந்து சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி அமையட்டும். பிறகு இன்சுலேஷன் டேப்பைப் பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி இழுத்துச் சுற்றுங்கள். சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதானால், முறுக்குவதற்கு முன்பே அதை வயரில் கோத்துவிட வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு என்று ரயில் வண்டி போல் நீளம். கூடத்திலிருந்து அடுக்களைக்குப் பத்து மீட்டர் என்றால், எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். இருபது மீட்டரானால் இரண்டரை வாங்குங்கள். மெல்லிய வயர் சத்தத்தை வழியிலேயே தின்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கைவேலையெல்லாம் ஸ்பீக்கர் வயரோடு நிற்கட்டும். விளக்குக்கும் மிக்ஸிக்கும் போகும் வயரில் இப்படி முறுக்கி டேப் சுற்றுவது உயிருக்கு ஆபத்து. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குழந்தைகள் பார்க்கும்போது செய்தால், இந்த வித்தியாசத்தை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் போடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று கேளுங்கள். தொப்பி "தோம்" என்று நெஞ்சில் விழுந்தால் இணைப்பு சரி. பிறகு அடுக்களையில் காரியத்தைக் கவனிக்கலாம். நாட்டை அங்கேயே வந்து சேரும்.